வளர மறுத்த கல்

கல் வளருமா என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் போர் தண்ணீர் காய்ச்சுகிற வீடாக இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியை ஒரு முறை பாருங்கள். வெள்ளையாக ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் லேசில் போகாது. அம்மாக்கள் அதை 'உப்புப் படிஞ்சிருக்கு' என்று சொல்லிவிட்டுப் புளியைப் போட்டுத் தேய்ப்பார்கள். உண்மையில் அது கல்தான். கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் மலை எதனால் ஆனதோ அதே சரக்கு. தண்ணீரில் கரைந்து, கண்ணுக்கே தெரியாமல் இருந்தது, சில வாரங்களில் அடுப்பின் மேலேயே கல்லாக வளர்ந்துவிட்டது!

இவ்வளவு சுலபமாகக் கல் வளரும் என்றால், எல்லாக் கல்லும் அப்படித்தானே வளர வேண்டும்? அங்கேதான் சிக்கல். கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. பெயர் டோலமைட். இத்தாலியில் அந்தப் பெயரிலேயே ஒரு மலைத்தொடர் நிற்கிறது. நயாகரா அருவி விழுகிற அந்த உச்சிப் பாறை டோலமைட்தான். பூமியில் டன் கணக்கில், மலை மலையாகக் கிடக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில், இயற்கையில் இருப்பது போன்ற சாதாரணச் சூட்டில், அதை வளர்க்க முயன்றவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஏறக்குறைய 200 வருடமாக எல்லாரும்! நிலவியல்காரர்கள் இதற்கு 'டோலமைட் பிரச்சினை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

2023 நவம்பரில் இந்த முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது. அவிழ்த்தவர்களில் ஒருவர் முனைவர் பட்ட மாணவர், இன்னொருவர் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்துவிட்டு நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். அந்தக் கதைதான் இது.

முதலில் கற்கண்டு

கல் எப்படி வளர்கிறது என்று புரிய, கற்கண்டை நினைத்துக்கொண்டால் போதும். சூடான தண்ணீரில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக் கரைக்கிறோம். பாகு ஆறும்போது, அந்தச் சூட்டில் தண்ணீரால் தாங்க முடிந்ததைவிட அதிகமான சர்க்கரை அதில் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் 'அதிதெவிட்டிய கரைசல்' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். அதில் ஒரு நூலைத் தொங்கவிட்டால், தாங்காத சர்க்கரை நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு மூலக்கூறு மேல் இன்னொன்று, ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு. கொஞ்ச நாளில் கற்கண்டு ரெடி.

கனிமங்களும் இப்படித்தான். சர்க்கரை மூலக்கூறுக்குப் பதிலாகத் தண்ணீரில் அயனிகள் நீந்துகின்றன. அளவுக்கு மேல் சேர்ந்ததும் ஒன்றோடொன்று மோதி, சின்னக் கூட்டமாகின்றன. ரொம்பச் சின்னக் கூட்டம் என்றால் உடனே கலைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் பிறகு கலையாது, வளர்ந்துகொண்டே போகும். புதுக் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதல் சில மாதம் தாக்குப் பிடிப்பதுதான் கஷ்டம். அதைத் தாண்டினால் வாடிக்கை தானாகச் சேரும்.

இதில் எல்லாரும் நம்பிய ஒரு விதி உண்டு. கரைசல் எவ்வளவுக்கு எவ்வளவு தெவிட்டியிருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் படிகம் வளரும். சரக்கு நிறைய இருந்தால் வியாபாரமும் நிறைய நடக்கும் என்பது போல ஒரு நியாயமான விதி.

டோலமைட் இந்த விதியைத்தான் மதிக்கவில்லை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் இருக்கின்றன. கார்பனேட்டும் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் கடல் முழுவதும் டோலமைட்டுக்கு அதிதெவிட்டிய கரைசல். அப்படியென்றால் கடல் அடியெல்லாம் இன்றைக்கும் டோலமைட் படிந்துகொண்டே இருக்க வேண்டும். படியவில்லை. 10 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில் ஏராளமாக இருக்கும் இந்தக் கனிமம், அதற்குப் பிந்தைய பாறைகளில் அபூர்வம். சரக்கு குடோன் நிறைய இருக்கிறது, ஒரு பில் கூடப் போடவில்லை என்றால் கடைக்காரர் குழம்புவாரா இல்லையா?

டோலமியூ என்ற மனிதர்

கல்லுக்குப் பெயர் கொடுத்தவரின் கதையும் சுவாரசியமானது. தெயோதா த டோலமியூ, பிரெஞ்சுக்காரர். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் சுற்றியபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பார்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல் மாதிரியே ஒரு பாறை. சுண்ணாம்புக்கல்லில் அமிலம் விட்டால் சுர்ரென்று நுரைக்கும். இந்தப் பாறையோ, கடமைக்கு நுரைப்பது போல மெதுவாக நுரைத்தது. 1791-ல் இதைப் பற்றி எழுதினார். மாதிரிக் கற்களைப் பகுப்பாய்வு செய்த நிகோலா தியோடர் த சோசூர் 1792-ல் டோலமியூவின் பெயரையே கல்லுக்கு வைத்தார். பின்னாளில் அந்த மலைத்தொடருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மனிதரின் பெயர் முதலில் கல்லுக்குப் போய், கல்லிலிருந்து மலைக்குப் போனது!

மனிதருக்கு வாழ்க்கை அவ்வளவு இனிப்பாக இல்லை. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன அறிஞர்களில் இவரும் ஒருவர். 1799-ல் திரும்பி வரும் வழியில் இத்தாலியில் பிடிபட்டு, இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையில் கிடந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கனிமங்களைப் பற்றி ஒரு நூலை எழுதினார். விடுதலையான 1801-லேயே இறந்தும் போனார். தன் பெயரைத் தாங்கிய கல் இவ்வளவு பேரை இத்தனை காலம் அலைக்கழிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

32 வருடம் காத்திருந்தவர்

டோலமைட்டை ஆய்வுக்கூடத்தில் செய்யவே முடியாதா என்றால், முடியும். 100 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடாக்கினால் உருவாகிவிடும். ஆனால் பழங்காலக் கடற்கரைச் சேற்றிலும் ஆழமில்லாத கடலிலும் அவ்வளவு சூடு எங்கே இருந்தது? அதனால் குறைந்த சூட்டில் செய்து காட்டினால்தான் பிரச்சினை தீரும்.

சூடு இல்லையென்றால் என்ன, நேரம் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைப்பது இயல்பு. இயற்கையிடம் இருப்பதும் நேரம்தானே! அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டன் லேண்ட் என்ற நிலவியலாளர் அதைத்தான் செய்தார். டோலமைட்டுக்கு ஆயிரம் மடங்கு அதிதெவிட்டிய கரைசல். 25 டிகிரி சூடு. காத்திருந்தார். ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம்... மொத்தம் 32 வருடம்.

ஒன்றும் வரவில்லை.

1998-ல் அந்த முடிவை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பே தோல்வி என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. எத்தனை டிகிரி, எத்தனை மடங்கு, எத்தனை வருடம் என்று மூன்று விவரமும் தலைப்பிலேயே இருக்கின்றன. மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது போல!

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 32 வருடம் என்பது ஓர் அரசு ஊழியரின் சர்வீஸ் காலம். அந்தச் சோதனை தொடங்கிய அன்று பிறந்த குழந்தை, முடிவு வருவதற்குள் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்திருக்கும். அவ்வளவு காலம் கழித்து 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு தைரியம் வேண்டும். அதே சமயம் அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய உதவி என்றும் பார்க்க வேண்டும். வெறுமனே காத்திருப்பது விடை அல்ல என்று அவர் நிரூபித்துவிட்டார். அடுத்து வந்தவர்கள் இன்னொரு 32 வருடத்தை அதே வழியில் செலவழிக்கத் தேவையில்லை. வேறு எங்கோ தேட வேண்டும்.

வேறு இடத்தில் தேடியவர்களும் இருந்தார்கள். 1995-ல் வாஸ்கொன்செலோஸ், மெக்கென்சி முதலியோர் சில பாக்டீரியாக்களின் துணையோடு குறைந்த சூட்டில் டோலமைட் உருவாகலாம் என்று காட்டினார்கள். பிரேசிலின் ஒரு காயலில் கிடைத்த தடயம் அது. இன்னொரு கூட்டம், இந்தப் பாறையெல்லாம் முதலில் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்து, பிறகு மக்னீசியம் நிறைந்த நீர் ஊடுருவி மாறியவைதான் என்றது. பழைய பாறைகளில் பெரும்பகுதிக்கு இது பொருந்தும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் எந்த வழியில் வந்தாலும் கடைசியில் டோலமைட் படிகம் வளர்ந்துதானே ஆக வேண்டும்? அது ஏன் ஆய்வுக்கூடத்தில் மட்டும் அடம்பிடிக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அடம் பிடிப்பதற்குக் காரணம்

டோலமைட்டின் உள்கட்டமைப்பு ரொம்பக் கண்டிப்பானது. ஒரு வரிசை முழுக்கக் கால்சியம், அடுத்து கார்பனேட், அடுத்த வரிசை முழுக்க மக்னீசியம், மறுபடி கார்பனேட். இப்படி மாறி மாறி வர வேண்டும். கால்சியத்தின் இடத்தில் மக்னீசியம் உட்காரக் கூடாது, மக்னீசியத்தின் இடத்தில் கால்சியமும் கூடாது.

ஆனால் தண்ணீரில் நீந்துகிற அயனிகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா என்ன? எது முதலில் வருகிறதோ அது கிடைத்த இடத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடும், திருவிழா பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது போல. இரண்டு அயனிக்கும் மின்னூட்டம் ஒன்றுதான். அளவுதான் வேறு. கால்சியம் அயனியின் ஆரத்தை 100 என்று வைத்தால் மக்னீசியத்தினுடையது 72.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒவ்வோர் இடத்திலும் சரியான ஆள் உட்கார இரண்டில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இடமும் சரியாக அமைய 1,024-ல் ஒரு வாய்ப்பு. இருபது இடம் என்றால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஓர் அடுக்கில் இருக்கும் இடங்களோ கோடிக்கணக்கில். நிஜத்தில் கணக்கு இவ்வளவு எளிமையாக இல்லை, ஆனாலும் சிக்கலின் அளவு இதிலேயே தெரிந்துவிடும்.

தப்பாக உட்கார்ந்தவர்களால் மேற்பரப்பு முழுக்க இழுபறி. பெரிய செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதும், சின்னதின் இடத்தில் பெரியதும் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி ஒரே கோணல். அதன் மேல் அடுத்த வரிசை ஏறாது. படிகம் அப்படியே நின்றுவிடும். இன்னும் எவ்வளவு சரக்கைக் கொண்டுவந்து கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை. இப்படியே விட்டால் ஒழுங்கான ஒரே ஓர் அடுக்கு உருவாக ஒரு கோடி ஆண்டு ஆகும் என்பது மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவின் மதிப்பீடு. ஒரே அடுக்குக்கு! 32 வருடம் அதன் முன்னால் என்ன?

கழுவினால் வளரும்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வென்ஹாவ் சன் என்ற பேராசிரியரும், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜூன்சூ கிம்மும் இதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். அணு அணுவாக ஒரு படிகம் வளர்வதைக் கணக்கிடுவது லேசான வேலை இல்லை. ஒவ்வோர் அடிக்கும் சூப்பர் கம்ப்யூட்டரில் 5,000 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதே பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு மென்பொருள், சில அமைப்புகளின் ஆற்றலை மட்டும் கணக்கிட்டுவிட்டு, படிகத்தின் சமச்சீரை வைத்து மற்றவற்றை ஊகிக்கிறது. இப்போது அதே வேலை சாதாரண மேஜைக் கணினியில் 2 மில்லிசெகண்டில் முடிகிறது.

கிடைத்த விடை கேட்க எளிமையானது. தப்பான இடத்தில் உட்கார்ந்த அயனிகள் அங்கே நிம்மதியாக இல்லை. சரியான இடத்தில் இருப்பவைதான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அந்தப் படிகத்தை லேசாகக் கரைய விட்டால் முதலில் கழன்று போவது தப்பாக உட்கார்ந்த கூட்டம்தான். அவை போன இடம் காலியாகும். மறுபடி கரைசலைத் தெவிட்ட வைத்தால் புது அயனிகள் வந்து உட்காரும். அதில் சில சரியாக அமையும், சில தப்பாக அமையும். மறுபடி லேசாகக் கரை. தப்பானது போகும், சரியானது மிஞ்சும்.

காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், வருடம் முழுக்கத் தப்பும் தவறுமாகப் பேரேட்டில் ஏற்றிவிட்டு மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து அழுவது ஒரு வழி. தினமும் கடை சாத்தும்போது அன்றைய பதிவைச் சரிபார்த்துத் தப்பை அடித்துவிட்டுப் போவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் தினம் கொஞ்சம் வேலை வீணாவது போலத் தெரியும். ஆனால் இருப்பாய்வு டேலி ஆவது அதில்தான்.

கரைசல் இப்படிக் கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டிருந்தால் டோலமைட்டின் வளர்ச்சி ஒரு கோடி மடங்குவரை வேகமாகும் என்று கணினி சொன்னது. ஒரு கோடி ஆண்டு வேலை, ஒரு கோடி மடங்கு வேகம். வகுத்துப் பாருங்கள். வருடக் கணக்கில் முடிகிற வேலையாகிவிடுகிறது!

இயற்கையில் இப்படிக் கழுவுவது யார்? மழையும் ஓதமும்தான். கடல் ஏறும்போது ஒரு மாதிரி நீர், இறங்கி வெயிலில் காயும்போது வேறு மாதிரி நீர், மழை பெய்தால் இன்னொரு மாதிரி. இன்றைக்கும் அபூர்வமாக டோலமைட் உருவாகிற இடங்களைப் பார்த்தால் இது பொருந்துகிறது. ஆஸ்திரேலியாவின் கூரோங் பகுதியில் குளிர்காலத்தில் நிரம்பிக் கோடையில் வறண்டுபோகும் ஏரிகள், அபுதாபியின் உப்புச் சமவெளிகள், பஹாமாஸ் தீவுகளில் ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்புகள். எல்லாமே உப்பின் அளவு நிலையாக இல்லாத இடங்கள்.

4,000 தடவை

கணினி சொல்வதை எல்லாம் உலகம் நம்பிவிடாது. கண்ணால் காட்ட வேண்டும். இங்கேதான் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகம் வருகிறது. அங்கே யூகி கிமுரா என்ற பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் போஸ்ட்டாக்காக இருந்தவர் தொமோயா யமாசாகி. கரைசலுக்குள் படிகம் பிறப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்ப்பது இந்தக் குழுவின் கைவரிசை. 2017-லேயே முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற புரதம் படிகமாகத் தொடங்குவதை இப்படிப் பார்த்து வெளியிட்டிருந்தார்கள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் காற்றே இருக்காது, வெற்றிடம். தண்ணீரை வைத்தால் ஆவியாகி ஓடிவிடும். அதனால் மெல்லிய இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு துளி கரைசலை அடைத்து வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு தொல்லை, எலக்ட்ரான் கற்றை பட்டால் தண்ணீர் உடைந்து அமிலத்தன்மை வந்துவிடும். அமிலம் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் படிகமே கரையும். இந்தத் துறையில் இருக்கிற எல்லாரும் சபிக்கிற தொல்லை இது.

டோலமைட்டுக்கோ அந்தத் தொல்லைதான் தேவைப்பட்டது. லேசாகக் கரைக்க வேண்டும், உடனே நிறுத்த வேண்டும். கற்றையைப் போட்டால் கரையும், நிறுத்தினால் வளரும். தனியாக ஒரு குழாய் வைத்துத் தண்ணீரை மாற்றும் வேலையே இல்லை!

கால்சியமும் மக்னீசியமும் கலந்த கரைசலில் ஒரு துளியூண்டு டோலமைட் படிகத்தை விதையாக வைத்தார்கள். கொதிநிலைக்குக் கீழேதான் சூடு. எலக்ட்ரான் கற்றையை விட்டு விட்டு இரண்டு மணி நேரத்தில் 4,000 தடவை செலுத்தினார்கள். சராசரியாக இரண்டு செகண்டுக்குள் ஒரு தடவை.

படிகம் வளர்ந்தது. சுமார் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். அடுக்குக் கணக்கில் அது சுமார் 300 அடுக்கு. அதற்கு முன்பு ஆய்வுக்கூடத்தில் யாரும் ஐந்து அடுக்கைத் தாண்டியதில்லை.

2023 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. டோலமியூ எழுதியது 1791-ல். நடுவே 232 வருடம்.

போஸ்ட்டாக் என்ற நடுவழி

நம் ஊரில் ஆராய்ச்சி என்றால் பி.எச்டி. வரைதான் பலருக்குத் தெரியும். 'டாக்டர்' பட்டம் வாங்கியாச்சு, அப்புறம் என்ன, ப்ரொபசர் வேலைதானே என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் போஸ்ட்டாக். பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம். முடிந்தால் அடுத்த ஊர், சில சமயம் அடுத்த நாடு. முப்பது வயதைத் தாண்டியும் வீட்டில் 'எப்போ செட்டில் ஆவே?' என்ற கேள்வி ஓயாது. அடுத்த வேலைக்கு வெளியான கட்டுரைகளின் பட்டியல்தான் பயோடேட்டா.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. தண்ணீரில் கனிமம் வளர்வது போன்ற விஷயத்துக்குப் பொறுமை வேண்டும். கல் தன் இஷ்டப்படிதான் வளரும், ஒப்பந்தம் முடிகிற தேதியெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறவர் 32 வருடச் சோதனையைத் தொடங்க முடியுமா? தொடங்கி, 'வரவில்லை' என்று எழுதினால் அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்? லேண்ட் அப்படி எழுத முடிந்ததற்கு அவருடைய தைரியம் ஒரு காரணம் என்றால், நிரந்தரமான நாற்காலி இன்னொரு காரணமாக இருந்திருக்க வேண்டும். வெற்றியை மட்டுமே வரவு வைத்துத் தோல்வியைக் கணக்கிலேயே காட்டாத கம்பெனியின் ஐந்தொகையை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆராய்ச்சி உலகத்தில் அது தினமும் நடக்கிறது. வராத சோதனைகள் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தோடு அலமாரிக்குள் போய்விடுகின்றன. வேறோர் ஊரில் வேறோர் இளைஞர் அதே சோதனையை மறுபடி செய்து, மறுபடி தோற்று, அதையும் அலமாரியில் வைக்கிறார்.

லேண்டின் கட்டுரை அலமாரிக்குள் போகவில்லை. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ஆயிரம் மடங்கு சரக்கும் 32 வருடமும் போதவில்லை என்ற உறுதியான தரையில் நின்று யோசிக்க முடிந்தது. சும்மா விடாமல் கலைத்துக் கலைத்துக் கட்டினால் என்ன என்ற கேள்வி அந்தத் தரையில் நின்றால்தான் எழும்.

இன்னும் மிச்சம் இருப்பது

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. வைத்தது விதைப் படிகம். ஒன்றுமில்லாத கரைசலிலிருந்து முதல் டோலமைட் துகள் பிறப்பது வேறு கதை. சோதனை நடந்த சூடும் கடற்கரை வெயிலைவிட அதிகம். 300 அடுக்குக்கும் ஒரு மலைக்கும் நடுவே இருக்கிற தூரத்தைச் சொல்லவே வேண்டாம். பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கல் மாறி வந்தது எவ்வளவு என்ற வாதங்களும் தொடர்கின்றன.

ஆனால் இதில் ஒரு வியாபாரமும் இருக்கிறது. கணினிச் சில்லு, சோலார் தகடு, பேட்டரி எல்லாவற்றுக்கும் பிழையில்லாத படிகம் வேண்டும். பிழை வராமல் இருக்க வேண்டுமானால் ரொம்ப ரொம்ப மெதுவாக வளர்க்க வேண்டும் என்பதுதான் இதுவரை தொழில் ரகசியம். வளர்க்கும்போதே நடுநடுவே கொஞ்சம் கரைத்துப் பிழையை நீக்கினால் வேகமாகவும் வளர்க்கலாம், சுத்தமாகவும் வளர்க்கலாம் என்கிறார் சன். மெதுவாகப் போனால்தான் தரம் என்று நம்பியிருந்த ஒரு தொழிலுக்கு இது பெரிய செய்தி. எந்தெந்தப் பொருளுக்குப் பலிக்கும் என்பதை இனிமேல்தான் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். சோதிக்கப் போகிறவர்களில் நிறையப் பேர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு 'வரவில்லை' என்றுதான் பதில் கிடைக்கும். அந்தப் பதிலையும் வெளியே சொல்ல அவர்களுக்கு ஓர் இடமும், சொன்ன பிறகும் ஒரு வேலையும் இருந்தால், அடுத்த முடிச்சுக்கு இன்னொரு 232 வருடம் ஆகாது.